மணற்குன்றின் அடியில்

மணற்குன்று என்று சொன்ன அளவில் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை அரபு நாடும், ஒட்டக வரிசையும், ஈச்ச மரமுமே ஆகும். படக்கதைகளும் திரைப்படங்களும் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. பனி படிந்த மலைச் சிகரங்களின் அடிவாரத்தில், ஊசியிலைக் காட்டுக்கும் ஓடைக்கும் அருகில், கடற்காற்றின் வாடையே படாத உள்நாட்டில், எழுநூறு அடி உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கிறது என்றால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆயினும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், அத்தகைய மணற்பரப்பு ஒன்று முப்பது சதுர மைல் அளவுக்கு விரிந்து கிடக்கின்றது. அதன் மிக உயர்ந்த குன்றுகள் அடியிலிருந்து 741 அடி எழுந்து நிற்கின்றன. வட அமெரிக்காவில் இவற்றினும் உயர்ந்த மணற்குன்றுகள் இல்லை என்பர்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அக்குன்றுகளைக் காணச் சென்ற எத்தனையோ குடும்பங்களுள் பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்றும் இருந்தது. எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவர். டென்வர் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் அவருடைய மகன். கிள்ளானில் பிறந்து வளர்ந்த மருமகள். பத்து வயதுப் பெயரன். ஆறு வயதுப் பெயர்த்தி. ஆக ஐவர். அவர்கள் விடுதியில் தங்க எண்ணவில்லை. வீட்டையே உடன் கொண்டு சென்றார்கள்.

அந்நாட்டில் கேம்பர் வேன் எனப்படும் வண்டி நம்மவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. நாம் உறவினர் வீடு தேடிச் சென்று, பாய் விரித்து, கூடத்தில் வரிசையாகப் படுத்துறங்கிப் பழகியவர்கள். அங்கோ உறவினர் வீடுகள் இல்லாத நெடுந்தொலைவுகளே மிகுதி. ஆதலால் படுக்கையும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் கழிப்பறையும் ஒரே வண்டிக்குள் அமைந்திருக்கின்றன. இருபத்தைந்து அடி நீளம். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பரண்; அதில் பிள்ளைகள் இருவரும் படுப்பார்கள். நடுவில் உள்ள உணவு மேசையை இறக்கிவிட்டால் அதுவே ஒரு கட்டில், அது பெரியவருக்கு. பின்பக்கத்தில் திரைச்சீலைக்கு அப்பால் கணவனும் மனைவியும். நல்ல நீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்கு ஒரு தொட்டி. எவ்வளவு நீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போயிற்று என்ற கணக்கு எந்நேரமும் வீட்டுத் தலைவியின் நினைவில் இருக்க வேண்டும். குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டும் என்ற நம்பிக்கையில் வாழ்பவர்களுக்கு இது நல்லதொரு பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. அவ்வண்டியில் சுவர் இல்லை. திரை மட்டுமே உண்டு. ஒருவர் பெருமூச்சு விட்டால் நால்வருக்கும் கேட்கும்.

டென்வரிலிருந்து குன்றுகளுக்கு ஏறத்தாழ 240 மைல். தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மேற்கே ராக்கி மலைத்தொடர் உடன் வந்துகொண்டே இருக்கும். கொலராடோ ஸ்பிரிங்ஸ், பியூப்லோ ஆகிய நகரங்களைக் கடந்து, வால்சன்பர்க் என்னும் சிற்றூரில் மேற்கே திரும்பி, 9,400 அடிக்கும் மேலான லா வேட்டா கணவாயை ஏறி இறங்க வேண்டும். அக்கணவாயில் வண்டி முனகியது. அலமாரிக்குள் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பெரியவர் முன்னிருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்.

அவர் பேசாதிருப்பது புதிதன்று. ஏப்ரல் மாதம் வந்திறங்கிய நாளிலிருந்தே அவர் அளந்துதான் பேசினார். கேட்டால் பதில் சொல்வார்; கொடுத்ததை உண்பார்; பிற்பகலில் சாளரத்தருகே அமர்ந்து தெருவைப் பார்ப்பார். தெருவில் மனிதர் எவரும் நடப்பதில்லை. அவருடைய மனைவி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மறைந்தார். அது கொள்ளைநோய் உலகையே முடக்கிப் போட்டிருந்த காலம். மலேசிய எல்லை முழுமையாகத் திறக்க மேலும் பல மாதங்கள் ஆயின. 2022 ஏப்ரலில்தான் திறந்தது. ஒரே மகன் தாயின் இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசியின் திரையில் பார்த்தான். கொள்ளி வைத்தவர் பெரியவருடைய தம்பி மகன்.

மகன் ஒரு முடிவோடுதான் இப்பயணத்தை ஏற்பாடு செய்திருந்தான். தந்தையை நிலையாகத் தன்னுடன் வைத்துக்கொள்வதற்குரிய குடியேற்ற விண்ணப்பத் தாள்கள் உறையிலிட்டபடி வண்டியின் இழுப்பறைக்குள் இருந்தன. வீட்டை விற்பது குறித்தும் பேச வேண்டும். நகரத்தில் அதைப் பேசுவதற்கு வேளை வாய்க்கவில்லை. மூன்று நாள் ஒரே வண்டிக்குள் இருந்தால் வாய்க்கும் என்று அவன் எண்ணியிருக்கலாம்.

கணவாயைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர அது சமவெளி போன்றது. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கும் மேலே உள்ள சமவெளி. பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த பிளாங்கா சிகரம் வலப்புறத்தில் வெள்ளைத் தலைப்பாகையோடு நின்றது. அதைச் சுற்றி வடக்கே திரும்பியபோது, மலையின் காலடியில் மங்கிய சந்தன நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அருகில் செல்லச் செல்ல அக்கோடு வளைந்து, மடிந்து, நிழலும் ஒளியுமாகப் பிரிந்து குன்றுகளாயிற்று. 1807 ஜனவரியில் இவ்வழியே வந்த செபுலான் பைக் என்னும் படைத்தலைவர், நிறம் ஒன்று நீங்கலாக இது புயலில் கொந்தளிக்கும் கடலைப் போன்றிருக்கிறது என்ற கருத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவருக்கு நெடுங்காலம் முன்பே உட்டே பழங்குடி மக்கள், நகரும் மணல் என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டிருந்தார்கள்.

"இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது?" என்றார் பெரியவர். அன்று காலையிலிருந்து அவராகக் கேட்ட முதற் கேள்வி அதுவே.

அந்தக் கேள்விக்கு அறிவியலார் தரும் விடை சுவையானது. பள்ளத்தாக்கின் மேற்கே உள்ள சான் ஹுவான் மலைகளிலிருந்து ஆறுகள் மணலை அடித்துக்கொண்டு வந்து, ஒரு காலத்தில் இங்கிருந்த ஏரிகளில் சேர்த்தன. ஏரிகள் வற்றின. தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று அம்மணலைத் துரத்திக்கொண்டு வந்து, கிழக்கே சாங்கிரே டி கிறிஸ்டோ மலைத்தொடர் வளைந்து நிற்கும் மூலையில் ஒதுக்கிற்று. அங்கிருந்து மணல் மலையைத் தாண்டிப் போயிருக்கலாம் அன்றோ? போகவில்லை. புயற்காலத்தில் மலைக் கணவாய்களின் வழியே எதிர்த்திசைக் காற்று பாய்ந்து வந்து, போகும் மணலைத் திருப்பி அடிக்கிறது. இரு காற்றுக்கும் இடையில் அகப்பட்ட மணல் வேறு வழியின்றி மேல்நோக்கி வளர்ந்தது. போதாக்குறைக்கு, குன்றுகளின் இரு ஓரங்களிலும் ஓடும் மெடானோ ஓடையும் சேண்ட் ஓடையும் மலைப்பக்கத்தில் ஒதுங்கும் மணலை வாரிக்கொண்டு வந்து பள்ளத்தாக்குப் பக்கத்தில் போடுகின்றன. ஓடை வற்றியதும் காற்று அதை எடுத்து மீண்டும் குன்றில் சேர்க்கிறது. போன மணல் திரும்பி வருகிறது. பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெருங்குன்றுகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்கிறார்கள்.

மகன் இவற்றையெல்லாம் பலகையில் படித்துத் தந்தைக்குச் சொன்னான். பெரியவர் தலையசைத்தார். மணலைப் பற்றி அவருக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதை மகன் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

பூங்காவுக்குள் உள்ள பின்யோன் பிளாட்ஸ் முகாமில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. மின்னிணைப்பு கிடையாது. 8,000 அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 92 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி அரிசியைப் போட்ட மருமகள், முக்கால் மணி நேரம் கழித்தும் நடுவில் அரிசியாகவே இருந்த சோற்றைக் கண்டு திகைத்தாள். அழுத்தக் கொதிகலம் டென்வர் வீட்டு அடுக்களையில் பத்திரமாக இருந்தது.

"நாளைக்குக் காலையிலேயே ஊறப்போட்டு விடு அம்மா. மூடி மேல் ஒரு கல்லை வை," என்றார் பெரியவர்.

"சரி மாமா," என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியை எடுத்தாள். கொசுக்களும் அப்போது வந்து சேர்ந்தன. ஓடை பெருகும் பருவத்தில் அங்கே கொசுவும் பெருகும். பாலைவனத்தில் வந்து கொசுக்கடி வாங்கும் பேறு எல்லார்க்கும் கிடைப்பதன்று.

பாலை என்ற சொல்லை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் இலக்கணம் கூறும். பாலைக்கு உரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்தார்கள். கொலராடோ குன்றுகளை இளங்கோவடிகள் கண்டிருந்தால் என்ன பெயர் கொடுத்திருப்பாரோ தெரியாது. பெரியவர் பிறந்து வளர்ந்து உழைத்த கிந்தாப் பள்ளத்தாக்குக்கு அந்த இலக்கணம் வேறு வகையில் பொருந்தியது. அங்கே நிலம் திரிந்தது கதிரவனால் அன்று, மனிதனின் கையால்.

ஈயம் எடுத்த பூமி அது. வாளிச் சங்கிலி பூட்டிய பெருங்கப்பல்கள் தாமே உண்டாக்கிய குளங்களில் மிதந்தபடி நிலத்தைத் தோண்டித் தின்று, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய மணலையும் சேற்றையும் பின்னால் உமிழ்ந்து சென்றன. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. இவ்வாறு நடந்த இடமெல்லாம் வெண்மணற் காடாயிற்று. பகலில் கால் வைக்க முடியாது. புல்லும் எளிதில் முளைக்காது. அத்தகைய ஈய லம்பம் ஒன்றில், கப்பல் வாரிய தாதுமணலைக் கழுவிப் பிரிக்கும் கொட்டகையில், பெரியவர் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை ஒரே நாளில் சரிந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது, மகனுக்கு ஐந்து. அதன் பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயத்தையன்றி வேறொன்றும் அறியாதவர் காவற்காரராகவும், பாரவண்டி உதவியாளராகவும், பள்ளித் தோட்டக்காரராகவும் இருந்து மகனைப் படிக்க வைத்தார்.

மறுநாள் விடியலிலேயே எல்லாரும் குன்றுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். உச்சி வேளையில் அம்மணலின் வெப்பம் 65 பாகை செல்சியசைத் தொடக்கூடும் என்பதாலும், பிற்பகலில் இடிமின்னல் வரும் என்பதாலும் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள முறை. குன்றுக்குச் செல்லப் பாலம் இல்லை. மெடானோ ஓடையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். முந்தைய குளிர்காலத்தில் மலையில் நிறையப் பனி பெய்திருந்தமையால் ஓடை அகன்று ஓடியது. ஆழமோ கணுக்காலுக்குச் சற்று மேல்.

அந்த ஓடையில் ஒரு புதுமை உண்டு. தெளிந்து ஓடிக்கொண்டிருக்கும் நீர் திடீரென்று அலையெழுப்பிப் பாயும், அடங்கும், சிறிது நேரத்தில் மீண்டும் பாயும். கடலில்லாத ஊரில் கடலலை. ஓடையின் அடியில் உள்ள மணல் நீரோட்டத்தால் சிறு சிறு வரப்புகளாகத் திரண்டு நீரைத் தடுக்கிறது. ஓரளவுக்கு மேல் தாங்க மாட்டாமல் வரப்பு உடையும்போது தேங்கிய நீர் அலையாகப் புறப்படுகிறது. சரிவும், வழுவழுப்பான மணற்படுகையும், போதிய நீரும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் இது நிகழும். உலகில் மிகச் சில இடங்களிலேயே இதனைக் காண முடியும் என்பர்.

முதல் அலை வந்து காலில் மோதியதும் பெயர்த்தி வீறிட்டுச் சிரித்தாள். மகனும் மருமகளும் அவளைக் கைப்பிடித்து ஏறத் தொடங்கினார்கள். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும் ஏற்றம் அது, காற்றும் மெல்லியது. பெரியவருக்கு நெஞ்சடைத்தது. அவர் அடிவாரத்திலேயே அமர்ந்தார். தாத்தாவைத் தனியே விட வேண்டாம் என்று பெயரனை அவருக்குக் காவலாக நிறுத்திவிட்டுப் போனார்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பையனுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஆங்கிலத்தில் பதில் வரும். பெரியவருக்கு ஆங்கிலம் புரியும், பேச வராது. இரண்டு மாதமாக இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் கரையில் மற்றவர் கால் வைத்ததில்லை. பையன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் இழுத்தான். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் அது. இழுத்த இடத்தில் கறுப்பு மயிர் முளைத்தாற்போல் துகள்கள் அப்பிக்கொண்டன.

பெரியவர் அப்போதுதான் மணலை உற்றுப் பார்த்தார். வெளிறிய மணல் மேட்டின் மடிப்புகளில் மை தீற்றியதுபோல் கறுப்பு வரிகள் ஓடியிருந்தன. அவர் கை தானாகவே நீண்டது. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, எடை பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் கைக்கு வேலை இல்லாதிருந்தது.

"இது ஈயமில்லை," என்றார்.

"இரும்பு," என்றான் பையன். தமிழில்தான் சொன்னான்.

"எப்படித் தெரியும்?"

பையன் காந்தத்தைக் காட்டினான். பெரியவர் முகம் மலர்ந்தது. அவன் சொன்னது சரி. அக்கறுப்பு வரிகள் மேக்னடைட் எனப்படும் இரும்புக் கனிமம். மணலினும் கனமானதால் காற்று வெண்மணலை அடித்துச் செல்லும்போது இது பின்தங்கி வரிவரியாகப் படிகிறது. ஈயக்கல்லும் கறுப்புத்தான், ஆனால் காந்தத்துக்கு வசப்படாது. லம்பத்துக் கொட்டகையில், ஈயம் பிரித்தெடுத்த பின் எஞ்சும் 'அமாங்' என்னும் கறுங்கனிமக் கலவையைக் காந்தப் பொறியிலிட்டுப் பகுப்பார்கள். இவற்றை அவர் படித்து அறிந்தவரல்லர். கையால் அறிந்தவர்.

"தட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். சிற்றுண்டி வைத்திருந்த வட்டத்தட்டு ஒன்று பையில் இருந்தது. அதில் ஒரு பிடி மணலை இட்டு ஓடையோரம் குந்தினார். லம்பத்தில் 'டூலாங்' என்னும் குழிந்த மரத்தட்டைச் சுழற்றித் தாது பார்ப்பது போலவே தட்டைச் சாய்த்து, நீரை அள்ளி, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுழற்றினார். ஒவ்வொரு சுழற்சிக்கும் சிறிது வெண்மணல் விளிம்பைத் தாண்டி நழுவிற்று. பத்துப் பதினைந்து சுழற்சியில் தட்டின் நடுவே கறுப்புப் பிறை ஒன்று மட்டும் நின்றது. பையன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் முறை. முதலில் எல்லாம் ஓடிப்போயிற்று. இரண்டாம் முறையும் போயிற்று. "தண்ணீரைத் தள்ளாதே. தண்ணீர் தானே கொண்டு போகும். நீ வழி மட்டும் விடு," என்றார் தாத்தா. அலை வந்து இருவர் கால்சட்டையையும் நனைத்தது. நான்காம் முறை பையனின் தட்டில் ஒரு நகக்கண் அளவு கறுப்பு நின்றது. ஈயம் எவ்வளவு கனம், இரும்புக்கல் எவ்வளவு கனம், கப்பல் எவ்வளவு பெரிது, அதன் வாளிக்குள் ஆள் நிற்கலாமா, ஏன் மூடினார்கள் என்று கேள்விகள் தொடர்ந்து வந்தன. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பெரியவர் கப்பலின் படத்தை ஈர மணலில் விரலால் வரைந்தார். அதை அலை அழித்தது. மீண்டும் வரைந்தார்.

புறப்படும்போது பையன் கறுப்பு மணலைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனான். பூங்காவிலிருந்து மணலை எடுத்துச் செல்லலாகாது என்பது சட்டம். பெரியவர் அதைத் திரும்பக் கொட்டச் செய்தார்.

அச்சட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இக்குன்றுகளின் மணலிலும் ஒரு காலத்தில் பொன் தேடினார்கள். காரைக் கலவைக்கு இம்மணலை வாரிச் செல்வார்களோ என்ற அச்சமும் எழுந்தது. அப்பள்ளத்தாக்கின் பெண்கள் மனம் பொறாமல் அரசுக்கு எழுதினார்கள். ஊர் ஊராக ஆதரவு திரட்டினார்கள். 1932ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஹூவர் இதனைப் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவித்தார். பின்னாளில் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரை இறைத்து நகரங்களுக்கு விற்கும் திட்டம் வந்தது. நீர் போனால் ஓடை போகும்; ஓடை போனால் குன்றும் நிலைக்காது என்பதை உணர்ந்து, 2000ஆம் ஆண்டு அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றி, 2004இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். கிந்தாவின் மணலுக்காக அப்படி எழுத எவரும் இருக்கவில்லை. ஈயம் நாட்டுக்குச் சோறு போட்டது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

அன்றிரவு வானில் விண்மீன்கள் அள்ளித் தெளித்தாற்போல் கிடந்தன. ஒளிமாசு இல்லாத இருள்வானப் பூங்கா என்று 2019இல் இதற்குச் சான்று வழங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் களைத்துப் பரணில் உறங்கிவிட்டார்கள். பெரியவர் மேசைக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். திரைக்கு அப்பால் தணிந்த குரல்கள்.

"மாமாவிடம் கேட்டீர்களா?"

"இன்னும் இல்லை."

"அவருக்கு விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்களேன். ஊரில் அவருக்குப் பழகிய மனிதர்கள் இருக்கிறார்கள்."

நெடுநேரம் பதிலில்லை. பிறகு மகனின் குரல் கேட்டது, உடைந்த குரல். "அம்மாவைத் திரையில்தான் பார்த்தேன். இவரையும் அப்படித்தான் பார்க்க வேண்டுமா?"

பெரியவர் அசையவில்லை. தம்மைத் தனிமையிலிருந்து மீட்பதற்காகவே மகன் அழைக்கிறான் என்று அவர் இதுவரை எண்ணியிருந்தார்; அதனாலேயே, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதில் கேட்கப்படாத கேள்விக்கு உரியது என்பது அந்த இருட்டில் விளங்கிற்று.

காலையில் பால் கலக்காத தேநீரோடு தந்தையும் மகனும் வண்டியின் படியில் அமர்ந்தார்கள். பெரியவரே தொடங்கினார்.

"வீட்டை விற்க வேண்டாம், தம்பி."

"அங்கே தனியாக என்ன செய்வீர்கள் அப்பா?"

"அந்த இடம் லம்பத்து மணல். நாங்கள் குடிபோனபோது ஒரு கீரை முளைக்காது. உன் அம்மா கோழி எருவும் சாணியும் இலைக்குப்பையுமாகக் கொட்டிக் கொட்டிப் பதினைந்து வருடத்தில் அதை மண்ணாக்கினாள். முருங்கை வந்தது. அப்புறம் மாமரம். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் திரும்பவும் மணலாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது தண்ணீர் ஊற்றுகிறார். எத்தனை நாளைக்கு ஊற்றுவார்?"

மகன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேற்று ராத்திரி நீ சொன்னது காதில் விழுந்தது," என்றார் பெரியவர். "உன் அம்மா போன அன்றைக்கு நீ வராததற்கு நீ காரணமில்லை. யாராலும் வந்திருக்க முடியாது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை."

மகன் எழுந்து ஓடைப்பக்கம் நடந்தான். பெரியவர் அவனைக் கூப்பிடவில்லை. அவன் திரும்பி வரும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். வந்ததும், "இந்த ஓடை வருடம் முழுவதும் ஓடுமா?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா. மலையில் பனி உருகும்போது வரும். மே, ஜூன். வெயில் முற்றினால் மணலுக்குள் போய்விடும்."

"அப்படியானால் நானும் மே மாதம் வருகிறேன். கால் நடக்கும்வரை வருடா வருடம் வருகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பையனை அங்கே அனுப்பு. கப்பலைப் பார்க்க வேண்டுமாம்."

மகன் முழு மனத்தோடு இசைந்தான் என்று சொல்வதற்கில்லை. எழுபத்து நான்கு வயதில் வருடா வருடம் கடல் கடப்பது பற்றியும், மருத்துவம் பற்றியும், இரவில் விழுந்துவிட்டால் யார் தூக்குவது என்பது பற்றியும் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டவை அனைத்தும் நியாயமானவை. பெரியவர் சிலவற்றுக்கு விடை சொன்னார், சிலவற்றுக்குச் சொல்லவில்லை. மருமகள் ஊறவைத்த அரிசியை அடுப்பிலேற்றி, மூடியின் மேல் ஓடைக்கல் ஒன்றை வைத்தாள். சோறு வெந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் உள்ளே மணல் இருந்தால் தூய்மைக் கட்டணம் வாங்குவார்கள். ஆதலால் முகாமை விட்டுப் புறப்படுமுன் ஐவரும் கூடிக் கம்பளிகளை உதறினார்கள், காலணிகளைத் தட்டினார்கள், இழுப்பறைகளை வெளியே எடுத்துக் கவிழ்த்தார்கள். விண்ணப்பத் தாள்கள் இருந்த உறையிலிருந்தும் சிறிது மணல் கொட்டிற்று. மகன் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். பையன் ஒரு துடைப்பத்தோடு வண்டிக்கடியில் நுழைந்து, சக்கரத்தருகே கிடந்த கறுப்புத் துகள்களைக் காந்தத்தால் திரட்டி, "தாத்தா, இங்கே பாருங்கள்," என்று கூவிக்கொண்டிருந்தான்.